கேள்வி – பதில்: இடுப்பைத் தாண்டிய பின்னல்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 27. தருமபுரத்துக்கு அண்மையில் வசிக்கின்றேன். கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தில் வேலை செய்கின்றேன். தொழிற்சாலை பஸ் காலை ஐந்தரைக்கே எங்கள் சந்திக்கு வந்துவிடும். என் தலைமுடி இடுப்பையும் தாண்டித் தொங்குவது. ஒரு கைப்பிடிக்குள் அடங்காத அடர்த்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழுக முடிகின்றது. கோடையில் காய மூன்று மணித்தியாலம் ஆகும்; மாரியில் திங்கட்கிழமை காலையிலும் பின்னலின் உட்புறம் ஈரமாகவே இருக்கும், ஒருவித மணமும் வந்துவிடும். கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் குனிந்திருப்பதால் பின்னேரங்களில் பிடரி இழுத்துத் தலையிடிக்கின்றது. எங்கள் கிணற்று நீரோ கல்லுத் தண்ணீர். எதைப் போட்டு முழுகினாலும் முடி சொரசொரப்பாகவே இருக்கின்றது. என்னோடு வேலை செய்யும் தோழியைப் போலக் கழுத்தோடு வெட்டிவிடலாமா என்று ஓராண்டாக யோசிக்கின்றேன். "கலியாணம் பேசுகிற நேரத்தில் முடியை வெட்டினால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்று பெரியம்மா கேட்கின்றார். அம்மா எதுவும் சொல்வதில்லை. கதையை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஒருமுறை அழுதும் விட்டார். 2009 இல் போரால் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. பேன் பெருகித் தலை புண்ணாகிவிட்டதால், அம்மாவே என் முடியைக் கட்டையாக வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு இந்தத் தலையில் கத்தரிக்கோல் பட்டதில்லை. நான் என்ன செய்வது?

– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, தருமபுரம்

பதில்: வெட்டலாம், தங்கையே. ஆனால் கழுத்தோடு வேண்டாம். முதல் வெட்டு தோளுக்கு நாலு விரற்கடை கீழே நிற்கட்டும். அந்த இடத்தை ஏன் சொல்கின்றேன் என்பதை முதலில் விளக்கிவிட்டு அம்மாவின் விடயத்துக்கு வருகின்றேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரம் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது.

கட்டையாக வெட்டினால் வேலை குறையும் என்று எல்லோரும் நினைக்கின்றார்கள். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். அடர்ந்த முடியின் சங்கதி வேறு: இப்போது அது தன் பாரத்தாலேயே கீழே இழுபட்டு அடங்கிக் கிடக்கின்றது, கழுத்தோடு வெட்டிய மறுநாளே அந்தப் பாரம் போய்விடுவதால், குடையை விரித்தது போல இரண்டு பக்கமும் கிளம்பி நிற்கும். பின்னவும் முடியாது, கொண்டை போடவும் முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் வேர்வையோடு பிடரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டை முடியைவிட உச்சியில் தூக்கிக் கட்டிய நீள முடி எவ்வளவோ குளிர்மையானது என்பதை வெட்டிய பிறகுதான் பலர் உணர்கின்றார்கள். அத்தோடு, தையல் இயந்திரத்தின் முன்னால் குனியும்போது தொப்பிக்குள்ளிருந்து நழுவி விழும் முடிதான் ஆபத்தானது. கட்டி அடக்கக்கூடிய நீளம் உங்கள் தொழிலுக்கு அவசியம். கட்டை வெட்டின் வடிவம் குலையாமல் இருக்க ஆறு, எட்டு வாரங்களுக்கு ஒருமுறை நகரத்துச் சலூனுக்குப் போகவேண்டியும் வரும். உங்களுக்கு மிஞ்சுகின்ற ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையை முழுக்கிலிருந்து மீட்டுப் பஸ்ஸுக்குக் கொடுப்பதில் என்ன இலாபம்?

தோளுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், ஒரு சாண் பின்னலும் தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிய கொண்டையும் கிடைக்கும். தொப்பி இலகுவாக உட்காரும். முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளக்கூடியது. இழைகளுக்கு இடையில் தங்கும் நீர் அதற்கு மேலானது. இடுப்பு வரையான முடியில் இவ்வளவு நீரையும் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை விடியவே இறுக்கிச் சுருட்டினால் மணம் வராமல் வேறென்ன வரும்? நீளம் பாதியானால் கோடையில் ஒரு மணித்தியாலத்தில், மாரியில் ஞாயிறு பொழுதுபடுவதற்கு முன் காய்ந்துவிடும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னரே வெட்டிவிட்டால் இந்த வருட மாரியிலேயே வித்தியாசத்தைக் காண்பீர்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர், வருடத்துக்கு 12 முதல் 15 சென்ரிமீற்றர் வளரும். அப்படியானால் உங்கள் பின்னலின் நுனி ஆறு, ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், கொரோனாவுக்கும் முந்திய காலத்தில் முளைத்தது. கிழமைக்கு ஒருமுறை என்று வைத்தாலும் அந்த நுனி முந்நூறு தடவைக்கு மேல் உங்கள் கிணற்றுக் கல்லுத் தண்ணீரைக் கண்டிருக்கின்றது. சொரசொரப்பில் பெரும்பகுதி அந்தப் பழைய அடிமுடியில்தான் இருக்கும். வேரோடு சேர்ந்த ஒரு சாண் முடியைத் தனியே தடவிப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டதால் சொல்கின்றேன். வன்னியின் பல கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் கூடுதலாக உண்டு. சவர்க்காரம் அவற்றோடு சேர்ந்து ஒரு பிசுக்கை உண்டாக்கி முடியில் படியவிடுகின்றது, ஆகவே தலைக்குச் சவர்க்காரம் போடுவதை விட்டுவிடுங்கள். ஷாம்பு அந்த அளவுக்குப் படிவதில்லை, சீயாக்காயும் நல்லது. கடைசி ஊற்றுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து ஊற்றினால் படிவு ஓரளவு கழரும். அந்தச் சாறு கழுத்திலும் தோளிலும் பட்டிருக்க வெயிலில் நின்று தலை காயவைக்காதீர்கள், தோல் கறுத்துக் கொப்பளித்துவிடும். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து முழுகினால் உங்கள் முடி எவ்வளவு மிருதுவானது என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

தலையிடிக்கு முடிதான் காரணமா என்பதை வெட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்ளலாம். இறுக்கிக் கட்டிய கொண்டை உச்சித் தோலை இழுத்து வலி உண்டாக்குவது மருத்துவர்கள் அறிந்த விடயமே. கொண்டையை அவிழ்த்துவிட்ட சிறிது நேரத்தில் வலி குறைவதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். இரண்டு கிழமைக்குக் கொண்டையைத் தளர்த்தி, பின்னிய பின் தாழ்வாகச் சுருட்டி, இடத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வலி குறைந்தால் காரணம் அதுவே. குறையாவிட்டால் கத்தரிக்கோலால் பயனில்லை. கண்பார்வையையும் இரத்தத்தின் அளவையும் சோதிக்கவேண்டும், வேலை நேரத்தில் போதிய தண்ணீர் குடிக்கின்றீர்களா என்றும் பார்க்கவேண்டும். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி ஐதாகி வருகின்றதா என்பதையும் கண்ணாடியில் கவனியுங்கள். ஆண்டுக்கணக்காக இழுத்துக் கட்டினால் அவ்விடங்களில் வேர் பழுதடைந்து, பிறகு முளைக்காமலே போகக்கூடும்.

இனி அம்மா. பெரியம்மாவையும் அம்மாவையும் ஒரே வரிசையில் வைத்து எழுதியிருக்கின்றீர்கள். இருவரும் சொல்வது ஒன்றல்ல. பெரியம்மாவுக்கு மறுமொழி சொல்வது இலகு. முடியைப் பார்த்து வருகின்ற மாப்பிள்ளை வீட்டார், பிள்ளை பெற்ற பின் அது கொட்டும்போது என்ன செய்வார்களோ என்று கேட்டுவிட்டுச் சிரித்துவிடுங்கள். தோளுக்குக் கீழே பின்னல் போடக்கூடிய முடியோடு கலியாணம் செய்தவர்கள் அவரின் சொந்தத்திலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். கலியாண நாளில் அலங்காரத்துக்கு எப்படியும் சவரிதான் வைக்கப்போகின்றார்கள்.

அம்மாவின் மௌனத்துக்கு அப்படிச் சிரித்து மறுமொழி சொல்ல முடியாது. போரின் கடைசி ஆண்டுகளில் கட்டையாக வெட்டப்பட்ட ஒரு பெண்பிள்ளையின் தலை எதற்கு அடையாளமாக இருந்தது என்பதை வன்னியில் வாழ்ந்த ஒரு தாய்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் இருந்த பிள்ளை இயக்கத்தில் சேர்க்கப்பட்டுவிட்டாள், இனி வீட்டுப் பிள்ளை அல்ல என்பதை அது சொன்னது. பிறகு சோதனை வரிசைகளில் அதே தலை சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. அப்படியான ஒரு காலத்தில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் அடைபட்டு, ஒரு வாளி தண்ணீருக்கு மணிக்கணக்காக நின்ற செட்டிகுளத்து முகாமில், பதினொரு வயது மகளின் தலையைத் தன் கையால் வெட்டியிருக்கின்றார் உங்கள் தாய். புண்ணைப் பார்த்து வெட்டினாரா, பயத்தோடு வெட்டினாரா, வெட்டிய பின் உங்களை எவர் கண்ணிலும் படாமல் துணியால் மூடி வைத்தாரா என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். நீங்கள் அப்போது குழந்தை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. உங்கள் குடும்பம் எப்போது ஊர் திரும்பியதோ, அன்றிலிருந்து கிழமைக்குக் கிழமை எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னி, அவர் வளர்த்தது வெறும் முடியாக இருந்திருக்காது.

ஆகவே "வெட்டட்டுமா?" என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு அவரிடம் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, "அன்றைக்கு முகாமில் என் தலையை வெட்டியபோது என்ன நினைத்தீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். முற்றத்தில் இருந்து அவர் உங்களுக்குச் சிக்கெடுக்கும் நேரம் பொருத்தமானது. முகத்தைப் பார்க்காமல் கதைக்கலாம் என்பதால் பல தாய்மார் அந்த நேரத்தில்தான் மனம் திறப்பார்கள். அவர் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், அடுத்த ஞாயிறும் வரும். சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள்.

அவர் கதைத்து முடிந்த பின், இதை வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை வளர்ந்து, மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து உதிர, அதே குழியிலிருந்து புதியது முளைக்கின்றது. பதினாறு ஆண்டுகளாக வெட்டாத முடி நிலத்தைத் தொடாமல் இடுப்போடு நிற்பதற்குக் காரணமும் அதுவே. முகாமில் முளைத்த மயிர் ஒன்றுகூட இன்று உங்கள் தலையில் இல்லை. அது எப்போதோ சீப்போடு போய்விட்டது. வெட்டியது திரும்ப வளரும் என்பதற்கும் வேறு சாட்சி தேவையில்லை, உங்கள் தலையே ஒருமுறை செய்து காட்டியிருக்கின்றது. இவ்வளவுக்குப் பிறகும் அம்மா சம்மதிக்காவிட்டால், முடிவு உங்களுடையது. இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிகின்ற பிடரி உங்களுடையது என்பதால் அதை நான் தயக்கமின்றிச் சொல்கின்றேன். ஆனால் அவருக்குத் தெரியாமல் போய் வெட்டிக்கொண்டு படலையில் வந்து நிற்காதீர்கள். அந்தக் காட்சியை அவர் இன்னொரு முறை பார்க்கவேண்டாம்.

வெட்டும் முறையில் நான் பட்டதைச் சொல்கின்றேன். முப்பத்திரண்டு வயதில், ஒரு கோபத்தில், இருந்த நீள முடியை வெட்டப் போனேன். ஈரமாக இருக்கும்போது தோளோடு அளந்து வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து காய்ந்தபோது சுருள் ஏறிக் காதோடு நின்றது. உங்கள் முடியில் சிறிதளவேனும் அலை இருந்தால், காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள், விரும்பும் அளவுக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தச் சொல்லுங்கள். அடர்த்தியைக் குறைக்கின்றோம் என்று பற்கத்தரியால் உள்முடியைக் கண்டபடி வெட்ட அனுமதிக்காதீர்கள். அந்தக் கட்டை முடி வளர்ந்து வரும்போது மேல்முடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும். கோபத்தில் போகாதீர்கள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? முதல் சில இரவுகள் விநோதமாக இருக்கும். புரண்டு படுக்கும்போது பின்னலைத் தூக்கித் தலையணைக்கு மேலே போடக் கை தானாகப் பின்னால் போகும், அங்கே எதுவும் அகப்படாது. எனக்கு அந்தப் பழக்கம் போக ஒரு மாதம் சென்றது.

கேள்வி: என் மகள் ஏழாம் தரத்தில் படிக்கின்றாள். பாடசாலைக்கு றிபன் கட்டிய இரட்டைப் பின்னலோடு போகவேண்டும். எத்தனை முறை வாரினாலும் பேன் போகவில்லை. முடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் போய்விடுமா?

– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: போகாது. பேன் வாழ்வதும் ஈர் ஒட்டுவதும் தோலுக்கு மிக அருகில். மொட்டை அடித்தாலொழிய, கட்டை முடியிலும் அது சுகமாக வாழும். வாருவது இலகுவாகும் என்பது மட்டுமே வெட்டுவதால் வரும் நன்மை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். இன்று எல்லாப் பேனையும் கொன்றாலும் அடுத்த கிழமை புதிய குஞ்சுகள் வருவது அதனால்தான். மருந்தகத்தில் கிடைக்கும் பெர்மெத்ரின் பூச்சை அறிவுறுத்தலின்படி பூசி, ஒன்பதாம் நாள் அளவில் மீண்டும் ஒருமுறை பூசுங்கள். இடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, தலையை நனைத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரின் தலையையும் அதே நாளில் பாருங்கள். தங்கைக்கும் அம்மம்மாவுக்கும் பார்க்காமல் மகளுக்கு மட்டும் பூசுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியையோ மண்ணெண்ணெயையோ தலையில் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கின்றது. உச்சித் தோலால் நஞ்சு உட்சென்று உயிராபத்து ஏற்படும், கனவிலும் செய்யாதீர்கள்.

மகளைப் பேசாதீர்கள், வெட்கப்படவும் விடாதீர்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் மூதாட்டியாக வந்து, தலை கடிக்கின்றது, பேன் பார்த்துவிடுங்கள் என்று கேட்டவள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் என்பதுதானே நம் ஊர்க் கதை. முடியைப் பிரித்துப் பார்த்தபோது சிறுவர்கள் கண்டது தலை நிறையக் கண்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது பேன் மட்டுமே என்றாலும், பார்க்கின்ற கை அதே அன்போடு இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் டெங்குக் காய்ச்சல் வந்து வவுனியா வைத்தியசாலையில் தங்கியிருந்தேன். இப்போது முழுகும்போது கை நிறைய முடி வருகின்றது. வெட்டினால் கொட்டுவது நிற்குமா?

– வாசகி, நெளுக்குளம்

பதில்: வெட்டுவதற்கும் கொட்டுவதற்கும் தொடர்பில்லை. முடியின் உயிர் தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே தெரிவது உயிரற்ற இழை. அதை எங்கே வெட்டினாலும் வேருக்குச் செய்தி போவதில்லை. வெட்டினால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் இதே காரணத்தால் தவறு. கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு போன்றவற்றின்போது வளர்ந்துகொண்டிருந்த பல மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் ஒன்றாக உதிர்கின்றன. சாதாரண நாட்களிலேயே 50 முதல் 100 வரை உதிரும், இப்போது அதைவிடப் பன்மடங்காகத் தெரியும். பெரும்பாலும் ஆறு மாதமளவில் இது தானாக நின்றுவிடும், நெற்றியோரத்தில் குட்டி மயிர்கள் முளைப்பதைக் காண்பீர்கள். முருங்கையிலை, முட்டை, பயறு, மீன் என்று நன்றாகச் சாப்பிடுங்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது வட்டமாக ஓரிடத்தில் மட்டும் கொட்டினால், மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் சோதியுங்கள். நீள முடி உதிர்ந்து தரையில் கிடப்பது கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிகின்றது என்பதற்காக வெட்டுவதானால் வெட்டுங்கள். மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும், எண்ணிக்கை குறையாது.

கேள்வி: புற்றுநோயாளருக்கு விக் செய்யக் கொடுக்கலாம் என்று நினைத்து என் முடியை வெட்ட இருக்கின்றேன். எப்படி வெட்டவேண்டும்?

– மாணவி, மாங்குளம்

பதில்: முதலில் வாங்குகின்றவர்களிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள், ஏனென்றால் எவ்வளவு நீளம் வேண்டும், சாயம் பூசியதை எடுப்பார்களா என்பவை இடத்துக்கு இடம் வேறுபடும். முழுகி, எண்ணெய் வைக்காமல், முற்றாகக் காயவிடுங்கள். பின்னி, மேலும் கீழும் றப்பர் பட்டியால் இறுகக் கட்டி, மேற்கட்டுக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லுங்கள். முதலில் வெட்டிவிட்டு நிலத்திலிருந்து கூட்டி அள்ளிய முடி பயன்படாது. அடியும் நுனியும் கலந்துவிடும். அடர்ந்த முடியானால் ஒரே பின்னலாக இல்லாமல் நாலைந்து சிறு பின்னல்களாகக் கட்டி ஒவ்வொன்றாக வெட்டினால் நீளம் வீணாகாது. கடதாசி உறையில் வைத்து அனுப்புங்கள். ஈரம் கொஞ்சம் இருக்கும்போது பொலித்தீனில் சுற்றினால் போய்ச் சேருவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.